ஓரிகன் 1909: குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் எதிர்க்கட்சிக்காரரை செனட்டுக்கு அனுப்பியது எப்படி?

தாள்புரட்டி:

வணக்கம். கொஞ்ச நாளாக அமெரிக்க செனட் தேர்தல்களின் பழைய கதைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1913 வரைக்கும் செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, அந்தந்த மாநிலச் சட்டமன்றம்தான் ஓட்டுப் போட்டு அனுப்பியது என்ற அளவுக்குத் தெரியும். அப்படியென்றால் சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மையோ அந்தக் கட்சி ஆள்தானே போவார், இதில் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நேற்று ஓரிகன் மாநிலத்துக்கு வந்ததும் தலை சுற்றிவிட்டது. 1909 ஜனவரியில் அங்கே சட்டமன்றத்தில் இரண்டு அவையும் சேர்த்து 90 பேர். அதில் ஜனநாயகக் கட்சிக்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், மற்ற அத்தனை பேரும் குடியரசுக் கட்சி. இரண்டு மாதம் முன்னால்தான், 1908 நவம்பரில், ஜனாதிபதி தேர்தலில் அதே மாநிலம் குடியரசுக் கட்சியின் டாஃப்டை ஜெயிக்க வைத்திருக்கிறது. ஆனால் செனட்டுக்குப் போனவர் ஜார்ஜ் சேம்பர்லைன் (பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சேம்பர்லைன் இல்லை, இவர் வேறு), பழுத்த ஜனநாயகக் கட்சிக்காரர்.

முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். இன்னொரு இடத்தில் பார்த்தேன், அங்கேயும் அதேதான். பெட்டி கைமாறியதா? இல்லை, குடியரசுக் கட்சி இரண்டாக உடைந்து, சண்டையில் மூன்றாமவர் லாபம் பார்த்த கதையா? விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எனக்கு இதில் ஆரம்பப் பாடம்கூடத் தெரியாது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.


பழங்கணக்கு:

அச்சுப்பிழை இல்லை, பெட்டியும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் போட்ட கையெழுத்துதான் காரணம். ஆனால் அந்தக் காகிதம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு பத்து வருடம் பின்னால் போக வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

1866-ல் மத்திய அரசு போட்ட சட்டப்படி, செனட்டரைத் தேர்ந்தெடுக்க முதலில் இரண்டு அவையும் தனித்தனியாக ஓட்டுப் போட வேண்டும். இரண்டிலும் ஒரே ஆளுக்குப் பெரும்பான்மை கிடைத்தால் வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் மறுநாள் முதல் இரண்டு அவையும் ஒன்றாக உட்கார்ந்து, யாராவது ஜெயிக்கும்வரை அல்லது கூட்டத்தொடர் முடியும்வரை தினமும் குறைந்தது ஒரு தடவையாவது ஓட்டெடுக்க வேண்டும். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆயிற்றென்றால், பத்துப் பேர் சேர்ந்து பிடிவாதம் பிடித்தாலே பெரும்பான்மை கிடைக்காது, அப்புறம் ஒவ்வொரு நாளும் பேரம்தான். டெலவேர் மாநிலத்தில் இந்த இழுபறி முற்றிப்போய் 1901 முதல் 1903 வரை செனட்டில் அந்த மாநிலத்துக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை, இரண்டு நாற்காலியும் காலி!

ஓரிகன் இதில் யாருக்கும் சளைத்ததில்லை. 1897-ல் அங்கே நடந்தது கேட்டால் நம்ப மாட்டீர்கள். பழைய செனட்டர் ஜான் மிட்செல் மறுபடியும் ஜெயித்துவிடக் கூடாது என்று ஒரு கூட்டம் முடிவு செய்தது. அவரைத் தோற்கடிக்க ஓட்டுப் போதாது. சரி, ஓட்டெடுப்பே நடக்காமல் செய்துவிட்டால்? கீழவையில் 60 பேர், சபை கூடவே குறைந்தது 40 பேர் வேண்டும். போதுமான ஆட்களை உள்ளே வராமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தொடர் முழுக்கக் கீழவை கூடவே இல்லை. ஒரு சட்டம் கிடையாது, பட்ஜெட் கிடையாது, ஒன்றும் கிடையாது. வெளியே நின்ற உறுப்பினர்களுக்கு சேலத்தில் (ஆமாம், அங்கேயும் தலைநகர் பெயர் சேலம்தான்) சாப்பாடு, தண்ணி, சீட்டாட்டம் என்று குறையில்லாமல் கவனித்துக்கொண்டவர் ஜொனாதன் போர்ன் என்ற பணக்கார அரசியல்வாதி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவார். செனட் நாற்காலி 1898 அக்டோபர் வரைக்கும் காலியாகவே கிடந்தது. நடுவில் ஆளுநர் ஒருவரை நியமித்து அனுப்பினார், செனட் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

அந்த மிட்செல் அசராமல் 1901-ல் திரும்ப வந்தார், கூட்டத்தொடரின் கடைசி ராத்திரியில் ஜெயித்தார். 1903-ல் சார்லஸ் ஃபுல்டன் ஜெயித்ததும் அப்படியே, கடைசி ராத்திரி. அப்புறம் 1905-ல் அரசு நில மோசடி வழக்கில் மிட்செலுக்கு ஆறு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் தீர்ப்பானது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, பல் பிடுங்கப் போன இடத்தில் சிக்கலாகி அந்த டிசம்பரில் இறந்துபோனார். மாநிலத்து மக்களுக்கு இந்தக் கூத்தெல்லாம் எவ்வளவு வெறுத்துப்போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது வில்லியம் யூரென் என்றொரு மனிதர். கொல்லு வேலை செய்தவர், பிறகு வக்கீல். 1897-ல் கூடாமலே போன அந்தச் சபையில் உறுப்பினராக இருந்தவர், போர்னோடு சேர்ந்து சபையை முடக்கியவர்களில் அவரும் ஒருவர், அதனால் ரொம்ப உத்தமராக எண்ணிவிட வேண்டாம். ஆனால் அவருக்கு ஒரு குறி இருந்தது: மக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டம் கொண்டுவரும் உரிமை. அதை 1902-ல் வாங்கிக் கொடுத்தார். அதே உரிமையை வைத்து 1904-ல் பிரைமரி தேர்தல் (கட்சி வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும் முன்தேர்தல்) சட்டத்தை மக்கள் ஓட்டில் நிறைவேற்றினார்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்தச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், செனட்டரைச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நாட்டின் அரசியல் சாசனமே சொல்கிறது. ஒரு மாநிலம் அதை மாற்ற முடியாது. சட்டமன்ற உறுப்பினரை ‘நீ இவருக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும்’ என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் அவராகவே முன்கூட்டி வாக்குக் கொடுத்தால் யார் தடுப்பது? அதனால் சட்டமன்றத்துக்குப் போட்டியிடுகிறவர் மனுவோடு சேர்த்து இரண்டு அறிக்கைகளில் ஒன்றில் கையெழுத்துப் போடலாம் என்று வைத்தார்கள்.

‘ஸ்டேட்மென்ட் நம்பர் 1’: பொதுத் தேர்தலில் செனட்டர் பதவிக்கு மக்களிடம் அதிக ஓட்டு வாங்கியவர் யாரோ, அவருக்குத்தான் என் பதவிக்காலம் முழுக்க ஓட்டுப் போடுவேன், என் சொந்த விருப்பத்தைப் பார்க்க மாட்டேன்.

‘ஸ்டேட்மென்ட் நம்பர் 2’: மக்கள் போட்ட ஓட்டை வெறும் பரிந்துரையாகத்தான் எடுத்துக்கொள்வேன், எனக்குச் சரியென்று பட்டால் அதை முழுக்கத் தள்ளிவிடவும் எனக்கு உரிமை உண்டு.

இரண்டாவதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போகிற எந்த மனிதன் ‘உங்கள் ஓட்டை நான் மதிக்க மாட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான்? எழுதியவரின் குறும்பு அதில்தான் இருக்கிறது. இரண்டிலும் கையெழுத்துப் போடாமலும் நிற்கலாம், யாரும் மனுவைத் தள்ள முடியாது. ஆனால் எதிரே நிற்பவர் நம்பர் 1-ல் போட்டுவிட்டு, ‘இவர் ஏன் போடவில்லை, கேளுங்கள்’ என்று ஊரெல்லாம் சொல்வாரே. இன்னொன்றும் உண்டு: பிரைமரி வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வார்த்தைக்குள் தன் கொள்கையை அச்சடித்துக்கொள்ள அதே சட்டம் இடம் கொடுத்தது. நம்பர் 1-க்குக் கட்டுப்பட்டவன் என்று சீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

1906-ல் முதல் வெள்ளோட்டம். மக்கள் ஓட்டில் ஜெயித்தவர் யார் தெரியுமா? அதே ஜொனாதன் போர்ன். பத்து வருடம் முன்பு சபையையே கூடவிடாமல் செய்தவர், இப்போது மக்கள் தேர்ந்தெடுத்த செனட்டர். 1907 ஜனவரியில் சட்டமன்றம் சத்தமில்லாமல் முதல் ஓட்டெடுப்பிலேயே அவரை உறுதி செய்தது. அவரும் குடியரசுக் கட்சி, சபையும் குடியரசுக் கட்சி, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை.

வலித்தது அடுத்த தடவைதான். 1908 ஏப்ரல் பிரைமரியில் பதவியில் இருந்த ஃபுல்டனைத் தோற்கடித்து ஹெச். எம். கேக் என்பவர் குடியரசுக் கட்சி வேட்பாளரானார் (பெயரே கேக்தான், நான் வைக்கவில்லை). எதிரே சேம்பர்லைன். 1902-லும் 1906-லும் ஆளுநர் தேர்தலில் ஜெயித்து, அப்போதும் ஆளுநர் நாற்காலியில் இருந்தவர், கட்சி தாண்டிச் செல்வாக்கு உள்ளவர். ஜூன் 1-ஆம் தேதி தேர்தல். சுமார் 1,500 ஓட்டு வித்தியாசத்தில் சேம்பர்லைன் ஜெயித்தார். அதே நாளில் அதே மக்கள் சட்டமன்றத்துக்குக் குடியரசுக் கட்சிக்காரர்களை அள்ளி அள்ளி அனுப்பினார்கள். அவர்களில் பாதிக்கு மேல் நம்பர் 1-ல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

1909 ஜனவரி வந்தது, கையெழுத்துப் போட்டவர்கள் போட்டபடியே ஓட்டளித்தார்கள். சேம்பர்லைன் செனட்டரானார். அவ்வளவுதான் கதை.


சந்தேகப்பிராணி:

பழங்கணக்கு ஐயா அழகாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் கொஞ்சம் தேன் தடவிவிட்டார் என்று எனக்குப் படுகிறது. ‘கையெழுத்துப் போட்டபடி ஓட்டளித்தார்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் ஏதோ அரிச்சந்திரன் பரம்பரை மாதிரித் தெரிகிறது.

ஜூன் தேர்தலில் சேம்பர்லைனுக்கு ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சி வாக்காளர்கள் எல்லாரும் அவர் மேல் ஆசைப்பட்டுப் போட்டார்களா? இந்தப் பிரைமரி சட்டத்தைக் கண்டாலே ஆகாத ஒரு கோஷ்டி குடியரசுக் கட்சிக்குள் இருந்தது. ஃபுல்டன் தோற்றதில் அவர்களுக்கு ஏற்கெனவே கடுப்பு. வேண்டுமென்றே எதிர்க்கட்சி ஆளுக்கு ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. கணக்கு இதுதான்: சேம்பர்லைன் ஜெயித்தால் குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் அவரை எப்படியும் தேர்ந்தெடுக்காது, கையெழுத்துப் போட்டவர்கள் பின்வாங்குவார்கள், நம்பர் 1 அன்றோடு செத்துப்போகும், கூடவே சட்டமும் சந்தி சிரிக்கும். 1,500 ஓட்டு வித்தியாசம்தானே, அந்தக் கோஷ்டியிலிருந்து ஆயிரம் பேர் தாவினாலே கதை மாறியிருக்கும். ஒருவர் தாவினால் இங்கே ஒன்று குறைந்து அங்கே ஒன்று கூடும், வித்தியாசம் இரண்டாகிவிடும் அல்லவா.

கடைசியில் தாங்கள் வெட்டிய குழியில் தாங்களே விழுந்தார்கள், அது வேறு விஷயம். ஆனால் இதை மக்கள் தீர்ப்பு மகத்தான தீர்ப்பு என்றெல்லாம் கொண்டாடுவதற்கு முன்னால், அந்தத் தீர்ப்புக்குள் எவ்வளவு சூது கலந்திருந்தது என்றும் பார்க்க வேண்டும் என்கிறேன். இன்னொன்று, கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் கேக் ஜெயிப்பார், நமக்கென்ன வந்தது என்ற தைரியத்தில் போட்டிருப்பார்கள்? குடியரசுக் கட்சி பலமாக இருக்கும் மாநிலத்தில் நம்பர் 1-ல் கையெழுத்துப் போடுவதில் எந்த ஆபத்தும் இருப்பதாக யாருக்கும் தோன்றியிருக்காது. சுட்ட பிறகுதான் நெருப்பு என்று தெரிந்தது.


தாள்புரட்டி:

இரண்டு பேருக்கும் நன்றி. நம்பர் 2 அறிக்கையைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தேன்.

ஆனால் ஒரு இடம் இன்னும் இடிக்கிறது. பழங்கணக்கு சார், நீங்களே சொல்கிறீர்கள், உறுப்பினரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று. அப்படியென்றால் அந்தக் கையெழுத்துக்குச் சட்ட பலம் கிடையாது, நீதிமன்றத்துக்குப் போனால் நிற்காது. சந்தேகப்பிராணி சொல்கிற மாதிரி கட்சிக்குள்ளேயே ஒரு கோஷ்டி ‘பின்வாங்குங்கள், பின்வாங்குங்கள்’ என்று உசுப்பிக்கொண்டும் இருந்திருக்கும். தேர்தல் முடிந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. அப்படியிருந்தும் ஏன் பின்வாங்கவில்லை? வேறு ஊர்களில் இப்படி வாக்குக் கொடுத்துவிட்டு மாறினவர்களே இல்லையா?


மைக்கறை:

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மாறினார்கள், நன்றாகவே மாறினார்கள். அதே 1909-ல் இல்லினாய் மாநிலத்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஓரிகனின் அருமை புரியும்.

அங்கேயும் 1908-ல் ஒரு பிரைமரி நடந்தது, ஆனால் வெறும் ஆலோசனை மாதிரி, யாரையும் கட்டுப்படுத்தாது. அதில் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் அப்போதைய செனட்டர் ஆல்பர்ட் ஹாப்கின்ஸை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டமன்றத்திலும் குடியரசுக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஜனவரியில் ஓட்டெடுப்பை ஆரம்பித்தார்கள், பிப்ரவரி போயிற்று, மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. மே 26-ஆம் தேதி, 95-ஆவது சுற்றில், வில்லியம் லோரிமர் என்ற சிகாகோ அரசியல் புள்ளி 108 ஓட்டு வாங்கி ஜெயித்தார். அந்த 108-ல் 55 பேர் குடியரசுக் கட்சி, 53 பேர் ஜனநாயகக் கட்சி! லோரிமர் குடியரசுக் கட்சிக்காரர், எதிர்க்கட்சியிலிருந்து 53 பேர் ஒரே நாளில் மனம் திருந்திவிட்டார்களாம்.

எப்படித் திருந்தினார்கள் என்பது அடுத்த வருடம் வெளியே வந்தது. 1910 ஏப்ரல் 30-ஆம் தேதி சிகாகோ ட்ரிப்யூன் முதல் பக்கத்தில் சார்லஸ் ஒயிட் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினரின் ஒப்புதல் வாக்குமூலம். லோரிமருக்கு ஓட்டுப் போட 1,000 டாலர் வாங்கினேன், அது போக அந்தக் கூட்டத்தொடரில் மற்ற காரியங்களுக்காகச் சேர்ந்த லஞ்சப் பணத்தில் 900 டாலர் என் பங்காக வந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த 900 டாலரை எங்கே வைத்துக் கொடுத்தார்களாம்? செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு ஹோட்டல் அறையின் குளியலறையில், ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு. பணம் கொடுத்ததாக ஒயிட் சொன்ன கட்சித் தலைவர் மேல் வழக்குப் போட்டார்கள், முதல் தடவை நடுவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை, இரண்டாம் தடவை விடுதலை.

செனட் என்ன செய்தது? முதல் விசாரணை முடிந்து 1911 மார்ச் 1-ல் ஓட்டெடுத்தார்கள், 46-க்கு 40 என்று லோரிமர் தப்பித்துக்கொண்டார். அதற்கு முந்தின நாள்தான் செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்கும் அரசியல் சாசனத் திருத்தம் அதே செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் விழுந்திருந்தது. இரண்டு நாளும் சேர்ந்து மக்களுக்கு ஏற்றிய எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அதற்கப்புறம் ஒரு பெரிய மர வியாபாரி, லோரிமரை ஜெயிக்க வைக்க 1,00,000 டாலர் ஆயிற்று, உங்கள் பங்கு 10,000 என்று இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி மேலாளரிடம் கேட்டதாகச் சாட்சியம் வந்தது. மறுபடி விசாரணை. 1912 ஜூலை 13-ல் 55-க்கு 28 என்ற கணக்கில் அந்தத் தேர்தலே செல்லாது என்று தீர்மானித்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் செனட்டராக உட்கார்ந்தவரை நீ செனட்டராகவே இருந்ததில்லை என்று சொல்லி அனுப்பினால் எப்படி இருக்கும்!

இல்லினாயில் பிரைமரி உண்டு, ஆனால் யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. எனக்குத் தெரிந்து வித்தியாசம் அந்த ஒன்றுதான். ‘மக்கள் விருப்பத்தை மதிப்போம்’ என்று பொதுவாகச் சொல்வது வேறு, தன் பெயரைத் தன் கையால் எழுதிக் கொடுப்பது வேறு.


சந்தேகப்பிராணி:

மைக்கறை சொல்வது சரிதான், ஆனால் இல்லினாயோடு ஒப்பிட்டால் யாரும் யோக்கியர்தான். குளியலறையில் காசு எண்ணியவர்களைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஓரிகன்காரர்களைப் பார்த்தால் சந்நியாசி மாதிரித்தானே தெரியும்?

தாள்புரட்டியின் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. ஏன் பின்வாங்கவில்லை? மானம் ரோஷம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.


பழங்கணக்கு:

மானம் ரோஷம் கொஞ்சம் உண்டு, அதை முழுக்கத் தள்ள வேண்டாம். அது மட்டும் போதாது என்பதும் உண்மை. போன பதிலில் ஒன்றை விட்டுவிட்டேன், என் தப்பு.

1908 ஜூன் 1 வாக்குச்சீட்டு நீளமான சீட்டு. அதில் செனட்டர் பதவி மட்டும் இல்லை. மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்த இரண்டு விஷயங்கள் இந்தக் கதைக்கு முக்கியம். ஒன்று, மக்கள் தேர்ந்தெடுத்தவருக்கே சட்டமன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட வேண்டும் என்று அறிவுறுத்தும் சட்டம். கையெழுத்துப் போட்டாரோ இல்லையோ, எல்லா உறுப்பினருக்கும் சேர்த்து. அது மூன்று மடங்குக்கும் மேலான வித்தியாசத்தில் நிறைவேறியது. சேம்பர்லைன் ஜெயித்தது 1,500 ஓட்டில், ஆனால் ‘நாங்கள் சொல்கிறவரை அனுப்பு’ என்று சொன்னவர்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம். அதாவது கேக்குக்கு ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒரு பகுதியினராவது இதற்கு ஆம் என்றுதான் போட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் கணக்கே வராது. சந்தேகப்பிராணி சொன்ன சூதாட்டக் கோஷ்டி இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டில் இந்த ஓட்டையும் சேர்த்துப் பார்த்தால் கோஷ்டி சின்னதாகிவிடுகிறது.

இரண்டாவது, திரும்ப அழைக்கும் உரிமை. பதவியில் இருப்பவரை நடுவிலேயே மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கலாம் என்ற அரசியல் சாசனத் திருத்தம், அதே நாளில், அதே சீட்டில் பாஸானது. ஜனவரியில் சேலத்துக்குப் போன ஒவ்வொரு உறுப்பினரின் தலைக்கு மேலும் இந்தக் கத்தி தொங்கியது. நீதிமன்றத்தில் கையெழுத்து நிற்காதுதான். ஆனால் தொகுதியில் நிற்கும். கையெழுத்துப் போட்ட தாளை எதிராளி வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டினால் என்ன பதில் சொல்வது? ‘கட்சிக்காக மாறினேன்’ என்று சொல்ல முடியுமா? சொந்த விருப்பத்தைப் பார்க்க மாட்டேன் என்று அதிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாரே! தப்பிக்கிற சந்து பொந்தையெல்லாம் முன்கூட்டியே அடைத்து எழுதிய வாசகம் அது.

இன்னொன்றையும் பாருங்கள். கையெழுத்துப் போட்டவர்கள் கும்பலாக இருந்தது அவர்களுக்கே ஒரு பாதுகாப்பு. ஒரு ஆள், இரண்டு ஆள் போட்டிருந்தால் கட்சி அவர்களை உடைத்திருக்கும். 90-ல் பாதிக்கு மேல் ஒரே தாளில் மாட்டிக்கொண்டிருக்கும்போது ‘எல்லாரையும்போல நானும்’ என்று சொல்லிவிட்டு ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

‘சுட்ட பிறகுதான் நெருப்பு என்று தெரிந்தது’ என்றார் சந்தேகப்பிராணி. அது சரியென்றால் அடுத்த தடவை யாரும் கையை வைத்திருக்கக் கூடாது. ஆனால் 1912-ல் என்ன நடந்தது? போர்ன் பிரைமரியிலேயே பென் செல்லிங் என்பவரிடம் தோற்றார். தனியாகப் பொதுத் தேர்தலிலும் நின்று பார்த்தார். எந்தச் சட்டத்தை நாடெல்லாம் போய்ப் புகழ்ந்தாரோ அதே சட்டம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. குடியரசுக் கட்சி ஓட்டு சிதறியதில் மக்கள் ஓட்டில் முதலாவது வந்தவர் ஹாரி லேன், போர்ட்லண்ட் நகரத்தின் முன்னாள் மேயர், ஜனநாயகக் கட்சி. 1913 ஜனவரியில் சட்டமன்றம் மறுபடியும் குடியரசுக் கட்சி கையில். மறுபடியும் எதிர்க்கட்சி ஆளையே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். இந்த லேன்தான் 1917-ல் ஜெர்மனியோடு போருக்குப் போவதை எதிர்த்து ஓட்டுப் போட்ட ஆறு செனட்டர்களில் ஒருவர், அடுத்த மாதமே இறந்தும்போனார்.

1912-க்குள் 29 மாநிலங்கள் வரைக்கும் ஏதாவது ஒரு வகையில் மக்கள் ஓட்டைச் செனட்டர் தேர்வுக்குள் கொண்டுவந்துவிட்டன, பிரைமரி மூலமாகவோ இந்த ஓரிகன் பாணியிலோ. அப்படி வந்த செனட்டர்கள் வாஷிங்டனில் கூடக் கூட, மக்கள் ஓட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்களின் எண்ணிக்கை அங்கே குறைந்துகொண்டே வந்தது. 1911 ஜூனில் செனட் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது, 1913 ஏப்ரல் 8-ல் போதுமான மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்து 17-ஆவது திருத்தம் முடிந்தது. மைக்கறை சொன்ன லோரிமர் விவகாரம் இதற்கு எண்ணெய் ஊற்றியது என்பதில் சந்தேகமில்லை.

சேம்பர்லைன் 1914-ல் புது முறையில் நேரடியாக மக்களிடம் நின்று ஜெயித்தார். இந்தத் தடவை யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. அதே வருடம் யூரென் ஆளுநர் பதவிக்கு நின்றார். ஓட்டுரிமையை இவ்வளவு தூரம் இழுத்து வந்த மனிதரை ஓரிகன் வாக்காளர்கள் நன்றாகவே தோற்கடித்தார்கள்.


தாள்புரட்டி:

யூரென் தோற்றது நிஜமாகவே மனதுக்கு என்னவோ செய்கிறது. நம்பர் 2-ல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுக் கேட்கப் போன ஒரு வீரரை நானே கற்பனை செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்: ‘அம்மா, உங்கள் ஓட்டு வெறும் பரிந்துரைதான், தள்ளினாலும் தள்ளுவேன், மறக்காமல் போடுங்கள்.’


சந்தேகப்பிராணி:

சரி, 1913-ல் லேனையும் அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அறிவுறுத்தும் சட்டம் அதே சீட்டில் இருந்ததும் தெரியாது. என் வாதத்தில் பாதி போச்சு. அந்த 1,500 ஓட்டுக் கணக்கை மட்டும் விட மாட்டேன், அதைப் பற்றி வார இறுதியில் வந்து பேசுகிறேன்.